சுழலும் தட்டும் நிற்கும் தட்டும்: கிளினோஸ்டாட் வகுப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

உயிரியலையும் விண்வெளியையும் சேர்த்துச் சொல்லித்தரும் செய்முறை வகுப்புகளில் கிளினோஸ்டாட் சோதனை தவறாமல் இடம்பெறும். மெதுவாகச் சுற்றும் மோட்டாரின் தண்டில், பாசிப்பயறு முளை வைத்த பெட்ரித் தட்டை (ஆய்வகங்களில் பயன்படும், மூடியுள்ள வட்டத் தட்டு) பொருத்துவார்கள். தட்டு கடிகார முகம்போல நிமிர்ந்து நின்று சுற்றும். இந்த அமைப்புக்குத்தான் கிளினோஸ்டாட் என்று பெயர். ‘கீழே’ எது என்று வேர் உணர்ந்து வளைவதற்குள் அந்தக் ‘கீழே’ இடம் மாறிவிடும். செலவு குறைவு, முடிவு வெறும் கண்ணுக்கே தெரியும், இரண்டே நாளில் முடிந்துவிடும்.

ஆனால் தவறான காரணத்தால் ‘சரியான’ முடிவைக் காட்டிவிடுவதில் இந்தச் சோதனைக்கு இணை இல்லை. இங்கே ஆராயும் வகுப்பில் அதுதான் நடந்தது. பதின்மூன்று, பதினான்கு வயது மாணவர்கள் 30 பேர். ஐந்து பேர் கொண்ட ஆறு குழுக்கள். ஒன்றரை மணி நேர அமர்வுகள் ஐந்து. சோதனையின் முதல் சுற்று முடிந்ததும் ஆறு குழுக்களும் ஒரே வரியை எழுதின: ‘சுழலும் தட்டில் புவியீர்ப்பு இல்லாததால் வேர்கள் எல்லாத் திசையிலும் வளர்ந்தன.’ அந்த வரியில் இரண்டு பிழைகள். ஒன்று கருத்துப் பிழை. மற்றது, பெரும்பாலான தட்டுகள் அப்படி எழுதுவதற்கே இடம் தரவில்லை.

கருத்துப் பிழையை முதலில் பார்த்துவிடலாம். கிளினோஸ்டாட் புவியீர்ப்பை அகற்றுவதில்லை. விதை மீதான இழுவிசை முழுதாக அப்படியே இருக்கிறது. தட்டைப் பொறுத்து அதன் திசைதான் ஓயாமல் சுற்றுகிறது. வேர்நுனியை மூடியிருக்கும் வேர்மூடியின் நடுவில் உள்ள செல்களில் ஸ்டார்ச் நிரம்பிய சிறு துகள்கள் உண்டு. அமைலோபிளாஸ்ட் என்று பெயர். அவை செல்லின் அடிப்பக்கத்தில் போய்ப் படிவதை வைத்தே வேர் ‘கீழே’ எது என்று அறிகிறது. அடிப்பக்கத்தில் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் கூடுதலாகச் சேரும். வேரில் கூடுதல் ஆக்சின் நீட்சியை அடக்குவதால் மேல்பக்கம் அதிகம் நீண்டு, வேர் கீழ்நோக்கி வளையும். தண்டில் அதே ஆக்சின் நீட்சியைத் தூண்டும். அதனால் தண்டு மேல்நோக்கி எழும். நிமிடத்துக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில் துகள்கள் ஒரு பக்கமாகப் படிந்து நிலைக்க நேரம் கிடைப்பதில்லை. அதனால் வேர், தான் முதலில் நோக்கியிருந்த திசையிலேயே போகிறது. எனவே எழுத வேண்டிய வரி, ‘புவியீர்ப்பு ஒரு திசையில் நிலைக்காததால் வேர்கள் தொடக்கத் திசையிலேயே வளர்ந்தன’ என்பது. ‘எல்லாத் திசையிலும்’ என்பதற்கும் ‘தொடக்கத் திசையில்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு சிறியதல்ல. முன்னது பார்த்தவுடன் தோன்றுவது. பின்னதைச் சொல்ல ஒவ்வொரு விதையும் எங்கே பார்த்தபடி தொடங்கியது என்று குறித்திருக்க வேண்டும். முதல் சுற்றில் யாரும் அதைக் குறிக்கவில்லை.

முதல் சுற்றின் அமைப்பு

ஒவ்வொரு குழுவுக்கும் 9 செ.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் பெட்ரித் தட்டுகள் இரண்டு தரப்பட்டன. ஒன்று மோட்டாரில், மற்றொன்று ஒப்பீட்டுக்கு. இரவு முழுக்க ஊறிய பயறுகளை, தட்டின் விளிம்பை ஒட்டி ஈர வடிதாள் மேல் வைத்து, மூடி, டேப் ஒட்டினார்கள். கியர் பெட்டியுடன் வரும் சிறிய டிசி மோட்டார்கள். பேட்டரிக்குப் பதில் அடாப்டர். மின்னழுத்தம் 12 வோல்ட்டுக்குள்தான். மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுற்றும் மோட்டாரும் மெதுவாகத்தான் ஓடும். ஆனால் அவற்றில் பல வீட்டு மின்சாரத்தில் நேரடியாக இயங்குபவை. ஈரத் தட்டுக்குப் பக்கத்தில், மாணவர் கைபடும் இடத்தில், அதை வைக்கக் கூடாது. சுவர்க்கடிகாரத்தின் நொடிமுள் தண்டும் நிமிடத்துக்கு ஒரு சுற்றுதான். ஆனால் அதற்குத் திறன் போதாது. ஈரத்தாள் வைத்த தட்டை மாட்டினால் கனமான பக்கம் கீழே வந்து அப்படியே நின்றுவிடும்.

தட்டுகள் சொன்னவை

மிகப் பெரிய தவறு ஒப்பீட்டுத் தட்டில்தான். ஆறில் நான்கு குழுக்கள் அதை மேசைமேல் படுக்கப் போட்டிருந்தன. படுத்திருக்கும் தட்டில் புவியீர்ப்பு தட்டின் அடிப்பரப்புக்குச் செங்குத்தாக இருக்கிறது. வேர் கீழே போக முயன்று, பிளாஸ்டிக்கில் முட்டி, அடிப்பரப்பில் படர்ந்தபடி அதது நோக்கிய பக்கம் ஓடுகிறது. ஆக ஒப்பீட்டுத் தட்டிலும் வேர்கள் எல்லாத் திசையிலும்தான் வளர்ந்திருந்தன! சுழன்ற தட்டையும் படுத்த தட்டையும் அருகருகே வைத்தால் எது எது என்று சொல்ல முடியவில்லை. ஆனாலும் எழுதப்பட்ட முடிவில் அது இல்லை, ஏனென்றால் மாணவர்களின் கண் முழுக்கச் சுழன்ற தட்டின் மேலேயே இருந்தது. இது மாணவர் குறை அல்ல. சுற்றுகிற பொருளை முன்னால் வைத்து வகுப்பைத் தொடங்கினால் யார் கண்ணும் அங்கேதான் போகும்.

அடுத்தது மோட்டாரின் வேகம். இரண்டு குழுக்களுக்குக் கிடைத்தவை பார்க்க மற்றவை போலவே இருந்தாலும் நிமிடத்துக்கு 60 சுற்று ஓடுபவை. அந்தத் தட்டுகளில் வேர்கள் வெளிப்பக்கம் நோக்கிச் சாய்ந்து விளிம்பில் போய் இடித்திருந்தன. ஏன் என்பதைக் கணக்கே காட்டிவிடும். சுழற்சியால் வரும் வெளிநோக்கிய விசை, கோண வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் பெருக்கினால் கிடைப்பது. மையத்திலிருந்து 4 செ.மீ. தள்ளியிருக்கும் விதைக்கு, நிமிடத்துக்கு 1 சுற்று என்றால் 0.00044 மீ/வி², புவியீர்ப்பில் இருபதாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, கண்டுகொள்ள வேண்டியதில்லை. 60 சுற்று என்றால் 1.58 மீ/வி². நிலவின் பரப்பில் உள்ள ஈர்ப்பு ஏறத்தாழ 1.62. அதாவது ஈர்ப்பே இல்லாத நிலையைக் காட்டுவதாக நினைத்துக்கொண்டு, நிலவளவு இழுவிசையை வெளிப்பக்கமாகக் கொடுத்திருக்கிறார்கள். வேர்கள் அதற்குக் கீழ்ப்படிந்தன. வேகத்தை இருமடங்காக்கினால் விசை நான்கு மடங்காகும் என்பதால் மோட்டாரின் மேல் அச்சிட்டிருப்பதை நம்பாமல், தண்டில் ஒரு டேப் துண்டை ஒட்டி நிறுத்துக்கடிகாரத்தால் எண்ணிப் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 1 முதல் 2 சுற்று நல்லது.

இந்த இரண்டு தட்டுகளையும் தோல்வி என்று தூக்கிப் போட்டுவிடக் கூடாது. 1806-ல் ஆங்கிலேயத் தாவர ஆய்வாளர் தாமஸ் ஆண்ட்ரூ நைட், நீரால் ஓடும் சக்கரத்தில் முளைகளைக் கட்டிச் சுழற்றி, வேர்கள் வெளிப்பக்கமும் தண்டுகள் மையத்தை நோக்கியும் வளர்வதைக் கண்டார். வேருக்கு வழிகாட்டுவது பூமியின் இழுவைதான், அதன் இடத்தில் வேறொரு விசையையும் வைக்க முடியும் என்பதற்கு அதுவே முதல் தெளிவான சான்று. கிளினோஸ்டாட் என்ற பெயரைத் தந்த ஜெர்மானியத் தாவரவியலாளர் ஜூலியஸ் ஃபான் சாக்ஸ் வந்தது அதே நூற்றாண்டின் பிற்பகுதியில். வகுப்பின் அந்த இரு குழுக்களும் அறியாமலே நைட்டின் சோதனையைச் செய்திருந்தன. இரண்டாம் சுற்றில் அவற்றின் வேலையே அதுவாக மாற்றப்பட்டது.

மூன்றாவதாக ஒரு தட்டு. இதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 1 சுற்று மோட்டார், எல்லாம் ஒழுங்கு. ஆனால் எட்டு வேர்களில் ஒவ்வொன்றிலும் முழங்கால்போல மடங்கிய ஒரு முட்டி: முதலில் அதனதன் திசையில் நேராகப் போய், ஓரிடத்தில் திரும்பி, அதன்பின் எல்லாம் ஒன்றுக்கொன்று இணையாகத் தட்டின் ஒரே பக்கம் நோக்கி ஓடின. திருப்பம் கூர்மையாக இருந்த வேர்களில், முட்டியிலிருந்து நுனிவரை அளந்தால் சுமார் 15 மி.மீ. வேர் நீள்வது நுனிக்குப் பின்னால் உள்ள சில மில்லிமீட்டரில் மட்டும்தான். அதைத் தாண்டிய பகுதி நீளாது, ஆகவே ஒருமுறை விழுந்த வளைவு அங்கேயே பதிந்து நிற்கும். அதே குழுவின் மற்றத் தட்டில் வேர்கள் மணிக்கு ஏறக்குறைய 1 மி.மீ. நீண்டிருந்தன. காலை 9 மணிக்கு எடுத்த படம்; 15 மணி நேரம் பின்னால் போனால் முந்தைய மாலை 6 மணி. கட்டடத்தைப் பூட்டும்போது மின்பலகையை அணைத்த நேரம் அது. மோட்டார் இரவு நின்று காலையில் மறுபடி ஓடியிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. வேர் கவனித்து எழுதி வைத்திருந்தது. எப்போது நின்றது என்பதை முட்டி சொல்லும். எப்போது மறுபடி ஓடத் தொடங்கியது என்பதைச் சொல்லாது, ஏனென்றால் சுழற்சி திரும்பியபின் வேர் அந்தப் புதிய திசையிலேயே நேராகப் போய்விடும். இந்த ஒரு தட்டை முன்னால் வைத்து ஒரு முழு அமர்வு நடத்தலாம். வேரின் எந்தப் பகுதி நீள்கிறது என்பதைப் பாடமாகச் சொல்வதைவிட இது ஆழமாக இறங்கும்.

நான்காவது, கணக்கில். வேர்களின் கோணத்தை 0 முதல் 360 பாகைவரை அளந்து சராசரி எடுத்தார்கள். ஒரு வேர் 350 பாகை, இன்னொன்று 10 பாகை என்றால் இரண்டுமே ஏறத்தாழ ஒரே பக்கம்தான் நோக்குகின்றன. சராசரியோ 180, நேர் எதிர்த் திசை. திசைகளுக்குச் சாதாரணச் சராசரி பொருந்தாது. பள்ளி நிலையில் இதற்கு நல்ல வழி, சராசரியை விட்டுவிட்டு ஒரு வட்டம் வரைந்து ஒவ்வொரு வேருக்கும் ஓர் அம்பு போடுவது. நின்ற தட்டின் வட்டத்தில் அம்புகள் கொத்தாக ஒரு பக்கம் இருக்கும், சுழன்றதில் சிதறியிருக்கும். ஒரு பார்வையில் விஷயம் விளங்கிவிடும்.

இரண்டாம் சுற்று

மாற்றங்களில் முதன்மையானது தட்டுகளின் எண்ணிக்கை: இரண்டுக்குப் பதில் மூன்று. சுழலும் தட்டு, ராட்சத ராட்டினம்போல நிமிர்ந்து நின்று கிடை அச்சில் சுற்றுகிறது. நிற்கும் தட்டு, அதேபோல நிமிர்ந்து அசையாமல் நிற்கிறது. மூன்றாவது குடைராட்டினத் தட்டு: ஒரு சிறு பலகைமேல் தட்டை நிமிர்த்தி நிறுத்தி, பலகையைச் செங்குத்து அச்சில் அதே வேகத்தில் சுற்றுவது. இதில் சுழற்சி உண்டு, மோட்டாரின் அதிர்வு உண்டு, சூடு உண்டு. ஆனால் தட்டைப் பொறுத்துக் ‘கீழே’ மாறுவதில்லை. இங்கே வேர்கள் கீழ்நோக்கி வளர்ந்தால், சுழலும் தட்டில் கண்டது சுற்றுவதால் மட்டும் வந்த குழப்பம் அல்ல என்று உறுதியாகும். மூன்றில் ஒன்றைக் குறைத்தே ஆக வேண்டிய கட்டாயம் வந்தால் சுழலும் தட்டுகளைக் குழுக்கள் பகிர்ந்துகொள்ளட்டும். நிற்கும் தட்டைக் கைவிடக் கூடாது.

விதை தேர்வு: விதைப்புக்கென விற்கும் விதைகளில் பூஞ்சைக்கொல்லி பூசியிருக்கலாம். சமையலுக்கான முழுப்பயறு போதும். உடைந்தவை, சுருங்கியவற்றை நீக்கிவிட்டு, வீட்டு பிளீச் 1 பங்குக்கு நீர் 9 பங்கு கலந்து அதில் 5 நிமிடம் வைத்து, மூன்று முறை நல்ல நீரில் அலச வேண்டும். இதை ஆசிரியர் கையுறையுடன் செய்யட்டும். இந்தப் படியை விட்டால் இரண்டாம் நாளில் வெண்ணிறப் பூஞ்சை இழைகள் வந்து, அவற்றை வேர்த்தூவி என்று மாணவர்கள் வரைந்து வைப்பார்கள். வேர்த்தூவி நுனிக்குச் சற்றுப் பின்னால் சீரான பட்டையாக இருக்கும். பூஞ்சை விதைத்தோலில் தொடங்கிக் கண்டபடி பரவும்.

அடுத்து 8 மணி நேரம் ஊறல். பின் ஈரத்துணியில் சுற்றி 25 முதல் 30 டிகிரி செல்சியஸில் ஒரு நாள். முளைவேர் 5 மி.மீ. வந்ததும் நேராக உள்ளவற்றை மட்டும் எடுக்க வேண்டும். முதல் சுற்றில் செய்ததுபோல முளைக்காத பயறை வைத்தால் தொடக்கத் திசை என்று ஒன்றைச் சொல்லவே முடியாது.

தட்டின் அடியில் மெல்லிய பஞ்சு, அதன்மேல் மூன்று அடுக்கு வடிதாள், அதன்மேல் விதைகள், பிறகு மூடி. பஞ்சு விதைகளை மூடியோடு அழுத்திப் பிடிக்கும். தட்டை நிமிர்த்தினாலும் சறுக்காது. நனைத்தபின் தட்டை நிமிர்த்திப் பிடித்து ஒரு நிமிடம் வடியவிட்டு, சொட்டுவது நின்ற பிறகே மூட வேண்டும். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் நிற்கும் தட்டில் நீர் தேங்கினால் வேர் கீழே போனது புவியீர்ப்பாலா ஈரத்தாலா என்று பிரிக்க முடியாது. பயறு ஒவ்வொரு தட்டிலும் எட்டு, மையத்திலிருந்து 2 செ.மீ. தூரத்தில் வட்டமாக. தட்டின் பின்புறம் அழியாத மையால் ஓர் அம்பு வரைந்து, அதை வைத்து இரண்டு வேர் மேலே, இரண்டு வலம், இரண்டு கீழே, இரண்டு இடம் நோக்கி வைக்க வேண்டும். விதைக்கு எண் போட்டு உடனே ஒரு படம்.

பிறகு தட்டைக் கறுப்புத் தாளால் சுற்ற வேண்டும். ஒரு பக்கமிருந்து வரும் ஒளிக்குத் தண்டு நிச்சயம் வளையும். வேரும் ஓரளவு விலகும். மோட்டாருக்கும் தட்டுக்கும் இடையே 2 செ.மீ. இடைவெளி விடாவிட்டால் சூட்டில் வடிதாள் மையத்திலிருந்து காயத் தொடங்கும்.

சமநிலையில்தான் இரண்டாம் சுற்றிலும் ஒரு குழு தடுமாறியது. தட்டின் ஒரு பக்கம் கனமாக இருந்தால் கியர் பற்களின் தளர்ச்சியால், கனமான பக்கம் ஏறும்போது தட்டு தயங்கும், இறங்கும்போது விரையும். மொத்தத்தில் சுற்று ஒரு நிமிடம்தான். ஆனால் சில நிலைகளில் அதிக நேரம் நிற்பதால் இழுவை முழுதாகச் சமன்படாமல் வேர்கள் ஒரு பக்கம் லேசாகச் சாயும். இதைக் கண்டறிய முழுச் சுற்றை அளந்து பயனில்லை. கால்சுற்றுகளை அளக்க வேண்டும்: நிமிடத்துக்கு 1 சுற்று என்றால் ஒவ்வொன்றும் 15 நொடி. வேறுபட்டால் எதிர்ப்பக்கம் களிமண் உருண்டை ஒட்டிச் சரிசெய்யலாம். மோட்டார் இரவில் நிற்காமலிருக்க, அடாப்டர் மாட்டிய சுவிட்சின் மேல் காகிதம் ஒட்டி எழுதி வைப்பதோடு, நேரம் காட்டும் கடிகாரம் ஒன்றை அதே மின்பலகையில் செருகிவிடுவதும் உதவும். அது பின்தங்கியிருந்தால் மின்சாரம் போயிருக்கிறது.

படம் எடுப்பது 6 மணி நேரத்திலும் 18 மணி நேரத்திலும். போன் அசையாத தாங்கியில் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். சுழலும் தட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் நிறுத்தக் கூடாது. கோணத்தைத் தட்டில் வரைந்த அம்பிலிருந்தே அளக்க வேண்டும், நிறுத்தியபோது கீழே இருந்த பக்கத்திலிருந்து அல்ல. 24 மணி நேரத்துக்கு மேல் விட்டால் வேர் விளிம்பில் முட்டி, விளிம்போடு சேர்ந்து வளையும். அந்த வளைவில் அளக்க எதுவும் இல்லை.

இம்முறை நிற்கும் தட்டிலும் குடைராட்டினத் தட்டிலும் மேல்நோக்கி வைத்த வேர்கள்கூடக் கொக்கிபோல் வளைந்து கீழே இறங்கியிருந்தன. சமன்படுத்திய சுழலும் தட்டுகளில் பெரும்பாலானவை வைத்த திசையிலேயே, லேசான நெளிவுகளோடு போயிருந்தன. அந்த நெளிவுகள் பிழை அல்ல. ஒரே திசையில் நிலைத்து வழிகாட்டும் விசை இல்லாதபோது வேர் தானாகவே கொஞ்சம் அலையும்.

விண்வெளியோடு இணைக்கும் இடம்

கடைசி அமர்வில்தான் விண்வெளி. அதை முதலில் வைத்தால் மாணவர்கள் விடையைத் தெரிந்துகொண்டு தட்டைப் பார்க்கிறார்கள். தொடக்கக் கேள்வி ஒன்றே போதும்: 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையத்தில் புவியீர்ப்பு எவ்வளவு? பலர் பூஜ்ஜியம் என்பார்கள். உண்மையில் சுமார் 8.7 மீ/வி², தரையில் உள்ளதில் ஏறத்தாழ 90 சதவீதம். நிலையமும் உள்ளே இருப்பவையும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால்தான் எடை தெரிவதில்லை. கிளினோஸ்டாட்டில் துகள்கள் ஓயாமல் புரள்கின்றன. விண்வெளி நிலையத்தில் அவை ஒரு பக்கம் படிவதே இல்லை. இரண்டும் ஒன்றல்ல. மேலும் எடையற்ற நிலையில் சூடான காற்று மேலே எழாது, நீர் வடியாது. வேரைச் சுற்றி நீர் படலமாக ஒட்டிக்கொண்டு ஆக்சிஜனைத் தடுக்கும். நம் தட்டில் இவை எதுவும் நடப்பதில்லை என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

2024 டிசம்பர் 30-ல் பி.எஸ்.எல்.வி.-சி60 ஏவப்பட்டபோது அதன் நான்காம் கட்டத்தில் அமைந்த போயம்-4 மேடையில் இஸ்ரோ எட்டுக் காராமணி விதைகளை அனுப்பியது. நான்கு நாட்களில் முளைத்தன, பின்னர் இலையும் விட்டன. வகுப்பின் தட்டிலும் எட்டு விதைகள் என்பதால் மாணவர்கள் இதை ஆர்வத்தோடு பற்றிக்கொள்வார்கள். அங்கிருந்து, அந்த எட்டுக்குத் தரையில் துணையாக என்ன வைக்க வேண்டும், எந்த வெப்பநிலை, எவ்வளவு நீர், எந்த ஒளி என்று அவர்களையே பட்டியலிடச் சொல்லலாம்.

நாசாவின் சீட்ஸ் திட்டமும் இங்கே பொருந்தும். 1984 ஏப்ரலில் எல்டெஃப் செயற்கைக்கோளில் 1.25 கோடி தக்காளி விதைகள் போயின. ஓராண்டுக்குள் திரும்பவேண்டியவை, சேலஞ்சர் விண்கல விபத்துக்குப்பின் தள்ளிப்போய் 1990 ஜனவரியில்தான் மீட்கப்பட்டன. பள்ளிகளுக்குப் போன ஒவ்வொரு பொட்டலத்திலும் விண்வெளி விதைகளோடு, தரையிலேயே வைத்திருந்த விதைகளும் இருந்தன. தரையில் வைத்திருந்த அந்த விதைகள் இல்லாவிட்டால் முளைத்த தக்காளி வெறும் தக்காளிதான்.

நேரம் மிஞ்சினால் செய்ய ஒரு தொடர்ச்சி உண்டு. நேராக வளர்ந்த முளைகளில் சிலவற்றின் வேர்நுனியில், வேர்மூடி உள்ள அரை மில்லிமீட்டர் அளவை, பூதக்கண்ணாடிக்கு அடியில், புதிய பிளேடால் ஆசிரியர் சீவ வேண்டும். சீவியவற்றையும் சீவாதவற்றையும் ஒரே தட்டில் வேர்கள் கிடையாக இருக்கும்படி வைத்து, தட்டை நிமிர்த்தி நிறுத்தவேண்டும். மோட்டார் தேவையில்லை. சீவாதவை சில மணி நேரத்தில் கீழே வளையும். சரியாகச் சீவப்பட்டவை நீண்டுகொண்டே போகும், ஆனால் வளையாது. அதிகமாகச் சீவிவிட்டால் வளர்ச்சியே நின்றுவிடும். அப்படிப்பட்ட வேரை ‘வளையாதவை’ பட்டியலில் சேர்த்துவிடாமல் இருக்க, கோணத்தோடு நீளத்தையும் அளந்து எழுத வேண்டும்.